நாகலக்ஷ்மி சரிசெய்த மெஷின்

கரமனையில் சாம்பசிவன் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வைத்ததே கிடையாது. தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் யாராவது வந்து போவார்கள். வராத நாளில் அந்த வீட்டு மாமிகள் வாசலில் நின்று புலம்புவார்கள். சாம்பசிவனின் மனைவி சாவித்ரி மட்டும் புலம்ப மாட்டாள். "எனக்கு அந்தக் கவலையே இல்லை, நாகா இருக்காளே" என்பாள். கேட்பவர்களுக்கு நாத்தனாரைப் புகழ்கிற மாதிரி இருக்கும். புகழ்ச்சிதான், யார் இல்லை என்றார்கள்? சம்பளம் கேட்காத, லீவு போடாத, கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகாத ஆளைப் புகழாமல் வேறு யாரைப் புகழ்வது?

நாகா என்கிற நாகலக்ஷ்மி சாம்பசிவனின் ஒரே தங்கை. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருக்கு அவளைக் கொடுத்தார்கள். எஸ்டேட் படுத்தது. வேலை தேடிக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று பம்பாய்க்கு ரயில் ஏறிய புருஷன் இன்றுவரை கூப்பிடவில்லை. செத்தார் என்றும் சேதி இல்லை, இருக்கிறார் என்றும் சேதி இல்லை. மஞ்சள் குங்குமத்துக்கு அவளை அழைக்கலாமா கூடாதா என்று தெருவுக்கே குழப்பம். அழைக்காமல் இருப்பதே எல்லாருக்கும் சௌகரியமாகப் போயிற்று. பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அண்ணா வீட்டில் வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பது ஆகவில்லை. "ஒரு மாசம் இருந்துட்டுப் போ" என்றார் அண்ணா. போக இடமில்லாமல் அந்த வீட்டிலேயே தலை நரைத்துவிட்டது.

வந்த வாரமே கொல்லைப்பக்கத்துக் குழாயடி அவளுடையதாகிவிட்டது. யாரும் அவளிடம் அதை ஒப்படைக்கவில்லை. ஒரு நாள் சாவித்ரிக்கு முதுகுவலி, இவள் உட்கார்ந்து தேய்த்தாள், அதன்பிறகு சாவித்ரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சோப்பிலும் சாம்பலிலும் ஊறி நாகாவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மழைக்காலத்தில் புளி கரைத்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அவளுக்கென்று இருந்தது மத்தியானம் மட்டும்தான். சாப்பாட்டு வேலை முடிந்ததும் இரண்டு தெரு தள்ளி அஜிதாவின் தையல் கடைக்குப் போய்விடுவாள். ரவிக்கைக்கு ஹூக் வைத்துக் கொடுப்பாள், டீ குடிப்பாள், ஊர் வம்பு பேசுவாள். வீட்டில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அங்கே போனால் தைக்கக் கொடுக்க வந்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்கிற அளவுக்குப் பேசுவாள். அந்தக் கடையில் அவள் யாருக்கும் பாரமில்லை. 'நாகு சேச்சி' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்கள்.

அந்த மத்தியானத்துக்கு ஆபத்து பெங்களூரிலிருந்து வந்தது. சாம்பசிவனின் மகன் சுமந்துக்குக் குழந்தை பிறந்திருந்தது. மருமகள் மீராவுக்கு லீவு முடியப் போகிறது. "அத்தையை அனுப்புங்கோளேன்" என்று போனில் கேட்டான். சாவித்ரி முகத்தில் அடித்த மாதிரி பதில் சொன்னாள்: "அவ அங்கே வந்துட்டா இங்கே பத்துப் பாத்திரம் யாருடா தேய்க்கறது? நானா?"

நாகா அப்போது அடுப்படியில்தான் இருந்தாள். காதில் நன்றாகவே விழுந்தது. சுருக்கென்றது. ஆனால் அடுத்த நிமிஷம் மூச்சு நிம்மதியாக வந்தது. பாத்திரம் இருக்கிறவரை கரமனை இருக்கிறது, முகம் தெரியாத ஊரில் சுமந்தின் பத்தொன்பதாவது மாடி வீட்டில் போய் அடைந்து கிடக்க வேண்டாம். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

சுமந்த் புத்திசாலிப் பையன். பத்தே நாளில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் டிஷ்வாஷர். "அத்தை கையைப் பார்த்தா பாவமா இருக்கும்மா, அதான்" என்றானாம். தெருவே வந்து பார்த்தது. "கொடுத்து வெச்சவ நீ" என்று நாகாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். முப்பது வருஷமாக யாருக்கும் படாத கை இப்போது ஏன் பாவமாயிற்று என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து அனூப் என்ற பையன் வந்து பொருத்தினான். கிரைண்டரை நகர்த்தி இடம் பண்ணினான். குழாயில் ஒரு வால்வு, அதிலிருந்து தண்ணீர் போக ஒரு டியூப். அழுக்குத் தண்ணீர் வெளியே வர இன்னொரு டியூப். அதை உயரத் தூக்கி வளைத்து சிங்க்கின் கழிவுக் குழாயில் மாட்டினான். இது கீழே சரிந்தால் சிங்க்குத் தண்ணீர் திரும்ப உள்ளே வந்துவிடும் என்றான். சாம்பசிவன் செக்ரட்டேரியட்டில் ஃபைல் பார்த்த தோரணையில் பின்னாலேயே நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"எச்சிலைத் தட்டிக் களஞ்சிட்டு வெச்சா மதி, அது போதும் சார். கழுகவே வேண்டா. நம்ம பாத்திரச் சோப்பு மாத்திரம் இதில் தொடவே கூடாது" என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு அனூப் கிளம்பினான்.

சாவித்ரி கோயிலுக்குப் போயிருந்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த சாம்பசிவன் தங்கையைக் கூப்பிட்டார்.

"அவன் என்னத்தைக் கண்டான்? எச்சில் தட்டும் சாதம் வடிச்ச பாத்திரமும் ஒரே தண்ணியில சுத்தறதாவது. எச்சில் தட்டையெல்லாம் சோப்புப் போட்டுத் தேச்சுட்டு அப்புறம் உள்ளே வை. கேட்டியா?"

"சோப்பு ஆகாதுன்னு இப்பத்தானே அண்ணா சொன்னான்?"

"நீ அலம்பவெல்லாம் வேண்டாம். தேச்சு அப்படியே வை, அலம்பறதை அது அலம்பிக்கும். ரெண்டு தரம் தண்ணி எதுக்குச் செலவு? சொன்னதைச் செய்."

ஆசாரமும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். இப்படி ஒரு யோசனை அவருக்குத்தான் வரும். நாகா தலையாட்டினாள். அண்ணா சாதத்தைத் தின்கிறவள், அண்ணாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

மெஷின் முதல் நாளே மக்கர் பண்ணியது. தண்ணீர் வரவில்லை என்று விளக்கு எரிந்தது. பாதுகாப்புக்காக வால்வை மூடிவைத்தவர் சாம்பசிவன். மூடியதை மறந்தவரும் அவர்தான். சாவித்ரி கேட்டது நாகாவை: "நீ என்ன பண்ணினே?" பிறகு ஒரு நாள் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. அடுக்களைக்கு அவலட்சணமாக இருக்கிறதென்று டியூபைப் பின்பக்கமாகக் கீழே தள்ளிவிட்டவள் சாவித்ரி. அப்போதும் "நாகா, நீ எதைத் தொட்டே?" தான். பழி சொல்ல ஒரு ஆள் கைவசம் இருக்கும்போது யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

பெரிய கூத்து ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அண்ணா சொன்னபடி சோப்போடு வைத்த தட்டுகள் அன்று வழக்கத்தைவிட அதிகம். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கதவிடுக்கிலிருந்து நுரை வந்தது. நாகா துணியைப் போட்டு அடைத்தாள், நிற்கவில்லை. அடுக்களை நிறைந்து, கூடத்துக்கு வந்து, பூஜை அறை வாசற்படியைத் தொட்டது. கோலத்தை அழித்துக்கொண்டு நுரை போவதைப் பார்த்த சாவித்ரி அங்கேயே நின்று மீராவுக்குப் போன் போட்டாள்.

"வேணும்னே பண்றாடி. இந்த மெஷின் நன்னா ஓடினா தன்னை அங்கே அனுப்பிடுவோம்னு அவளுக்குத் தெரியும். சாது மாதிரி இருந்துண்டு என்ன வேலை பண்றா பாரு."

நாகா துணியைப் பிழிந்துகொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் ஒருத்தி அங்கே இருப்பது தெரியாமல் பேசவில்லை. தெரிந்துதான் சாவித்ரி பேசினாள்.

அனூப் மறுபடி வந்தான். கதவைத் திறந்து விரலால் நுரையைத் தொட்டு முகர்ந்தான். "பாத்திரச் சோப்பு யாரானும் இட்டோ?" என்று எல்லாரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டான். சாவித்ரி நாகாவைப் பார்த்தாள். நாகா அண்ணாவைப் பார்த்தாள்.

சாம்பசிவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டார். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் வீடு இடிந்து விழுந்திருக்காது. அந்தப் பையன் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போயிருப்பான். தங்கையின் மானத்தைவிட அந்தச் சிரிப்பு அவருக்குப் பெரிதாகப் பட்டது.

"நான்தான் தெரியாம போட்டுட்டேன்" என்றாள் நாகா.

"பார்த்தேளா?" என்றாள் சாவித்ரி.

அன்று மத்தியானம் மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாகா தையல் கடைக்குப் போனாள். பழைய ப்ரீடிகிரி இங்கிலீஷ் கைகொடுத்தது. புரியாத இடத்தில் அஜிதா போனில் மலையாள வீடியோ தேடிப் போட்டுக் காட்டினாள். கீழே இருக்கிற ஃபில்டரில் கறிவேப்பிலை அடைக்கும். உள்ளே சுற்றித் தண்ணீர் பீச்சுகிற கையின் துளைகளில் கடுகு போய் உட்காரும்; அங்கே தண்ணீர் பீச்சாவிட்டால் மேல்தட்டு அழுக்காகவே வரும். அலுமினியம் வைத்தால் கறுத்துப்போகும். ஒவ்வொன்றாக அவள் மனசில் வாங்கிக்கொண்டாள்.

அஜிதா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டா சேச்சி? எதுக்கு இந்தப் பாடுபட்டு அதை நேராக்கணும்? கெட்டுக் கெடக்கட்டுமே. உங்களுக்கு அதுதானே நல்லது."

"கெட்டா நான்தான் கெடுத்தேன்னு சொல்றா."

"சொல்லட்டும். சொல்லிட்டுப் போகட்டும். இங்கேயே இருக்கலாம் இல்லியா?"

"திருடின்னு பேர் வாங்கிண்டு ஒரு ஆத்துல இருக்க முடியாது அஜிதா."

அவள் திருடவில்லை, யாரும் அவளைத் திருடி என்று சொல்லவும் இல்லை. ஆனால் வேணும்னே பண்றா என்ற அந்தச் சொல் அவளுக்கு அப்படித்தான் விழுந்திருந்தது. அந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் நாணயமானவள் என்ற பேர் ஒன்று இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிச்சம் என்ன?

அடுத்த நாளிலிருந்து பாத்திரச் சோப்பை நிறுத்தினாள். அண்ணாவிடம் கேட்கவில்லை. காலையில் சமையல் பாத்திரங்களுக்கு ஒரு ஓட்டம், சாப்பாட்டுக்குப் பிறகு எச்சில் தட்டுகளுக்குத் தனியாக ஒரு ஓட்டம். ஆசாரத்துக்கும் ஆச்சு, மெஷினுக்கும் ஆச்சு. அஜிதா கொடுத்த குண்டூசியால் துளைகளைக் குத்தி எடுத்தாள். ஃபில்டரைத் தினமும் கழற்றி அலம்பினாள். குழிந்த பாத்திரங்களைக் கவிழ்த்துச் சாய்த்து வைக்கிற பக்குவம் கைக்கு வந்தது. சாம்பார்ப் பாத்திரத்தின் அடியில் முகம் தெரிந்தது. விரல் வெடிப்புகள் ஆறின. பொய் சொல்லக்கூடாது, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு காரியத்தை முழுக்கத் தெரிந்துகொண்டு செய்கிற சந்தோஷம் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மெஷின் ஒரு குறையுமில்லாமல் ஓடத் தொடங்கி ஒரு மாசம் ஆகியிருக்கும். சாவித்ரி ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாகா, எனக்கும் ஒரு தரம் காட்டேன். நீயே எத்தனை நாள் ஒண்டியா இதோட மல்லுக்கட்டுவே?"

குரலில் இருந்த பரிவு நாகாவைக் கவிழ்த்துவிட்டது. மன்னிக்குத் தன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது என்று நம்பினாள். மெஷினுக்கென்று வரும் உப்பு எங்கே போடுவது, சோப்பு மாத்திரை எங்கே வைப்பது, எந்த விளக்கு எரிந்தால் என்ன கோளாறு, ஃபில்டரை எந்தப் பக்கம் திருகுவது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். சாவித்ரி தப்பாகச் செய்ததைச் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அந்த அடுக்களையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த வாரம்தான்.

வாரக் கடைசியில் சாவித்ரி கூடத்திலிருந்து போனில் பேசுவது கேட்டது. "எல்லாம் நான் கத்துண்டாச்சுடா. இனிமே இங்கே ஒரு குழப்பமும் இல்லை. டிக்கெட் போட்டுடு."

நாகா கையைத் துடைத்துக்கொண்டு அண்ணாவிடம் போனாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்னைப் போன்னு நீ சொல்றியா?"

"குழந்தையைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமாம். இங்கேயும் இனிமே…"

"அன்னிக்கு சோப்புப் போடச் சொன்னது நீ."

"அது இப்போ எதுக்கு?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். கெட்டா கெடட்டும்னு விட்டிருப்பேன். பழியைத் துடைக்கத்தான் அண்ணா அதை நேராக்கினேன்."

சாம்பசிவன் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அவர் முகம் மறைந்தது. நாகாவுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் இவருடைய தட்டைத் தேய்த்தோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சாயங்காலம் சுமந்த் அவளையே கூப்பிட்டான். சந்தோஷமாக இருந்தான். ஏசி கோச்சில் கீழ் பர்த் கிடைத்திருக்கிறதாம். குழந்தை இப்போதெல்லாம் முகம் பார்த்துச் சிரிக்கிறதாம். மீராவுக்கு இனி நிம்மதியாம்.

"இங்கேயும் ஒரு டிஷ்வாஷர் புக் பண்ணியிருந்தோம் அத்தை. நீங்க வரேள்னு அம்மா சொன்னதும் மீரா கேன்சல் பண்ணிட்டா. இனிமே அது எதுக்கு, வீணா?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை. "சரிடா" என்றாள் நாகா.

"என்ன சொன்னான்?" என்று உள்ளேயிருந்து சாவித்ரி கேட்டாள்.

"டிக்கெட் எடுத்துட்டானாம் மன்னி" என்றாள் நாகா.