நாலாம் நம்பர் கட்டம்

எங்கள் தொழிலில் புல் முளைப்பதைப் பார்க்கச் சம்பளம் தருவார்கள், பிடுங்கத்தான் கூடாது. கொள்ளிடக் கரையில் வெள்ளம் வழித்துப்போட்ட மணலில் முதலில் எந்தச் செடி வருகிறது, பின்னால் வருவது அதை எப்படி நெருக்கித் தள்ளுகிறது என்று வாராவாரம் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். ஆறு மாத வேலை; அதற்கு மேல் நீட்டிப்பார்களா என்பது என் நோட்டைப் பொறுத்தது.

வீட்டு மனை

இதை நான் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் முருகேசன் அண்ணன் சொன்னது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று பத்துக் கட்டங்கள் அளந்து, மூலைக்கு மூலை வெள்ளையடித்த கல் நட்டு, எண் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்து இறங்கி விலை விசாரித்தார்களாம். அந்த அம்மா ஒரு கட்டத்துக்குள் நின்று பார்த்துவிட்டுக் கணவரிடம் சொன்னாராம்: "ஏங்க, இதுல வீடு கட்டினா நின்னுகிட்டேதான் தூங்கணும்."

உதவி

ஐந்தாவது மாதம் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், நாலாம் நம்பர் கட்டத்தில் ஒரு புல் இல்லை. மொட்டை மணல். தண்ணீர் தெளித்து, அரிசிமாவில் கோலம் வேறு. கோலத்தின் மேல் எறும்பு வரிசை. மாட்டுக்குப் புல் அறுக்க வரும் செல்வி அக்கா பக்கத்தில் பெருமையாக நின்றார். "வாராவாரம் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறே, ஒண்ணையும் பிடுங்கத் தெரியலை. பாவமா இருந்துச்சு பாப்பா."

ஐந்து மாதக் கணக்கெடுப்பு போயிற்று. என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார். "ஏன் பதறுறே? கோரைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கு. எட்டு நாள்ல தலையை நீட்டலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!"

சாட்சி

திரும்பும் வழியில் முருகேசன் அண்ணன் யோசனை சொன்னார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, பென்சிலைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் எழுதியது, 'செல்வி அக்கா பிடுங்கிவிட்டார்' என்று. அண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்: "அஞ்சாம் நம்பரைப் பாத்து நாலுன்னு எழுதிடும்மான்னா கேக்க மாட்டேங்கிறே. புல்லா வந்து சாட்சி சொல்லப் போகுது?"

மாடிப்படி

மேலதிகாரியிடம் கெட்ட செய்தி சொல்லப் போய், மாடிப்படியில் பாதியில் நின்றவர்களுக்கு என் நிலைமை தெரியும். ஆய்வை நடத்தும் மேடம் நோட்டைப் படித்தார்; கோலம், எறும்பு எல்லாம் நான் சொல்லக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். "வெள்ளம் வழிச்சா ஆராய்ச்சி, செல்வி வழிச்சா தப்பா? பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பிடிக்க இதுக்கு எவ்வளவு நாள் ஆகுதுன்னு பாக்கணும், இன்னும் ஆறு மாசம் இரு. அந்த எறும்பையும் எழுது."

பிறகு நோட்டைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டேன்: ஏழாம் நாளே நாலாம் நம்பரில் மூன்று கோரை முளை, ஆகவே அக்காவின் பெயர் இன்றும் செல்விதான்.