வெர்லின் ஸ்டக்கியின் பூஜ்ய அங்குலக் குழல்

வெர்லின் ஸ்டக்கி முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்துகளைப் பரிசோதித்தவர். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பேருந்தின் பின்கதவு எத்தனை வினாடியில் திறக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றபின் பரிசோதிக்க எதுவும் இல்லாமல் மூன்று மாதம் தவித்தார். மளிகைக் கடையில் தள்ளுவண்டிச் சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். நான்காவது மாதம் ஹேக்கட் ரன் ரைபிள் கிளப்பில் செயலாளர் பதவி காலியானது. ஊர் தப்பித்தது, கிளப் மாட்டிக்கொண்டது.

ஒஹாயோவின் இந்த மூலையில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேரிடம் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கும். ஓர் ஊசியைத் தட்டினால் அதன் குட்டைக் குழல் கழன்றுவிடும். அந்த இடத்தில் நீளக் குழலை மாட்டலாம். ஒரு திருகைக் கழற்றினால் கைப்பிடி வந்துவிடும். அங்கே தோளில் சாய்த்துக்கொள்ளும் கட்டையைப் பொருத்தலாம். காலையில் பிஸ்டலாக இருந்தது மதியத்துக்குள் கார்பைன் என்ற சின்ன ரைபிள் ஆகிவிடும். சாயங்காலம் திரும்பவும் பிஸ்டல்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்று வெர்லினிடம் யாரும் கேட்கவேண்டியதில்லை, அவரே சொல்வார். தோள்கட்டை வைத்த துப்பாக்கிக்குக் குழல் பதினாறு அங்குலமாவது இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் வாஷிங்டனுக்கு எழுதிப்போட்டு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கவேண்டும். வாங்காமல் வைத்திருந்தால் பத்து வருஷம்வரை உள்ளே. ஆகவே மாற்றும்போது முதலில் நீளக் குழல், அப்புறம் கட்டை. திரும்ப மாற்றும்போது முதலில் கட்டையைக் கழற்று, அப்புறம் குழலைத் தொடு. வரிசை பிசகினால், அந்தச் சில வினாடிகளுக்கு நீ மேசைமேல் வைத்திருப்பது ஒரு குற்றம்.

இதை விளக்க அவரிடம் மூன்று அங்குலத் தடிமனில் ஒரு கோப்பு இருந்தது. வாஷிங்டன் அலுவலகத்துக்கு அவர் எழுதிய கேள்விகள் நீல உறையில், அவர்கள் அனுப்பிய பதில்கள் பச்சை உறையில். நீலம் எழுபத்திரண்டு, பச்சை ஒன்பது. கைத்துப்பாக்கியைத் தாங்க முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டையைத் தோளில் வைத்தால் குற்றமா என்று அவர் கேட்டதற்கு வந்த பதில்களில் ஒன்று ஆமாம் என்றது, இன்னொன்று இல்லை என்றது. வெர்லின் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டுமே சரி என்றார். எப்படி என்று கேட்டவர் அன்று வீட்டுக்கு இருட்டியபின்தான் போனார்.

சுடுமேடைக்குப் பின்னால் ஒரு பலகையும் எழுதி மாட்டினார். ஓரடி உயர எழுத்தில், கழற்றும்போது முதலில் கட்டை, பிறகு குழல். கிளப்பின் விதிகளிலும் ஒன்று சேர்த்தார். கிளப் நிலத்தில் இந்த வரிசையை மீறுகிறவருக்கு ஆயுள் முழுக்க உறுப்பினர் உரிமை கிடையாது. அந்தக் கூட்டத்தில் மற்ற ஆறு கமிட்டிக்காரர்களும் பீன்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். வாசித்து முடிக்கும்போது பழம் வைத்துச் சுட்ட ‘பை’ வந்துவிட்டதால் எல்லோரும் கை தூக்கினார்கள்.

இந்த விதியில் முதலில் மாட்டிக்கொண்டவர் ரூடி காஃப்மன். செப்டிக் டாங்க் லாரி ஓட்டுகிறவர், கிளப்பில் இருபது வருஷ உறுப்பினர், வாய் மூடாதவர். ஒரு அக்டோபர் சனிக்கிழமை சுட்டு முடித்துவிட்டு, ஊசியைத் தட்டி நீளக் குழலைக் கழற்றித் துணியில் சுற்றினார். கட்டை துப்பாக்கியிலேயே இருந்தது. அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு சாப்பிட ஒரு சில்லி டாக் வாங்கப் போனார். திரும்பி வந்தபோது வெர்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான்கு நிமிடம் பத்து வினாடி என்றார்.

கமிட்டி விசாரணையில் ரூடிக்காக ஊர் வக்கீல் ஒருவர் பேசினார். உயில் எழுதித் தருகிற வக்கீல்தான், ஆனாலும் விஷயம் எளிது என்றார். குட்டைக் குழல் என்றால்தானே குற்றம். ரூடி குட்டைக் குழலை மாட்டவே இல்லையே. துப்பாக்கியில் குழலே கிடையாது. இல்லாத குழலுக்கு நீளம் ஏது?

வெர்லின் எழுந்து நின்று சொன்னது கிளப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. "குழல் இல்லன்னா நீளம் பூஜ்யம். பூஜ்யம் பதினாறைவிடக் குறைவா இல்லையா, வக்கீல் சார்? இதுக்கு நீங்க காலேஜ் போயிருக்க வேணாம், மூணாம் கிளாஸ் போதும்."

ரூடி ஆயுளுக்கும் வெளியே போனார். மான் வேட்டைப் பருவத்துக்கு இரண்டு வாரம் முன்னால். அதற்குப்பின் ரூடியின் லாரி கிளப் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டேதான் போகும். ஒன்றரை வருஷம் இப்படி.

ஏப்ரலில் கிளப்புக்குத் திறந்த நாள். புதியவர்கள் வந்து பார்க்கலாம். நான் வாசலில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். வெர்லின் தன் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, பலகைக்கு நேர்கீழே மேசை போட்டு, வரிசையைச் செய்துகாட்ட ஆரம்பித்தார். பிஸ்டலைக் கார்பைன் ஆக்கும் பாதி குறையில்லாமல் போனது. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, இந்த நிமிஷத்தில் நான் குற்றவாளியா என்று கேட்டு, இல்லை என்று கூட்டம் சொன்னபிறகே அடுத்ததைத் தொட்டார்.

திரும்பப் பிஸ்டலாக்க ஸ்க்ரூடிரைவரை எடுத்த நேரத்தில் ஓர் அம்மாள் கேள்வி கேட்டார். தன் அக்கா மகனிடம் முன்கைப் பட்டை வைத்த ஒன்று இருக்கிறதே, அது எப்படி என்றார். வெர்லினால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகமுடியுமா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். முதல் கடிதம், இரண்டாவது கடிதம், இரண்டும் ஏன் சரி. பேச்சு சூடு பிடித்தது. கை சும்மா இருக்கப் பழகாத கை. ஊசியைத் தட்டியது, நீளக் குழலை உருவியது, அதையே கோலாக்கிக் கடிதத்தின் நான்காவது வரியைச் சுட்டிக் காட்டியது.

முன்வரிசையில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் மிராண்டா என்ற பெண் கை தூக்கினாள்.

"சார், அந்தக் கட்டை இன்னும் துப்பாக்கியிலயே இருக்கு."

வெர்லின் துப்பாக்கியைப் பார்த்தார். கையிலிருந்த குழலைப் பார்த்தார். மூன்று பேர் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றில் அவர் தலைக்குமேல் பலகை முழுசாகத் தெரிகிறது, எழுத்துக்கூட மங்கலில்லை. ஊரில் அதைப் பார்க்காதவர் யாருமில்லை. ஒரு நிமிடம் நாற்பது வினாடி என்று எண்ணிச் சொன்னவரும் அவரேதான், வீடியோவைப் பார்த்து.

பேசாமல் விட்டிருக்கலாம். கிளப் தலைவி லோயிஸ் பெண்டர் அதைத்தான் விரும்பினார். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தை நடத்திய பெண்மணி அவர். பிள்ளைகள் கொட்டியதைத் துடைத்துவிட்டு அடுத்த தட்டை நீட்டுவதுதான் அவருடைய நிர்வாகக் கொள்கை. வெர்லினோ திங்கட்கிழமை காலையில் தன்மேல் தானே புகார் எழுதி, மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றைத் தனக்கே தபாலில் அனுப்பியிருந்தார்.

ஆனால் அவர் பயந்திருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. மனைவி போய் ஆறு வருஷம், மகன் அரிசோனாவில். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அவர் சனிக்கிழமைக்காகக் காத்திருந்த நாட்கள். கிளப் போய்விட்டால் மிச்சமிருப்பது தள்ளுவண்டிச் சக்கரங்கள்தான். அந்த வாரம் கிளப்புக்கு வந்து கழிவறைக் கதவின் கீல்களுக்கு எண்ணெய் போட்டார், யாரும் கேட்காமல். எதற்கு இப்போது என்று கேட்டேன். அடுத்து வருகிறவனுக்கு இது தெரியாது என்றார்.

விசாரணைக்கு லோயிஸ் உயில் வக்கீலை அழைத்திருந்தார். ரூடியையும் அழைத்திருந்தார். ரூடி லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். லாரியின் மணம் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.

வக்கீல் சுருக்கமாகப் பேசினார். போன தடவை சொன்னதையேதான் சொல்கிறேன் என்றார். குழலைக் கழற்றிய துப்பாக்கியில் குழல் இல்லை. குழல் இல்லாத இடத்தில் குட்டைக் குழல் இல்லை. வெர்லின் எந்த வரிசையையும் மீறி எதையும் உருவாக்கவில்லை. கமிட்டி இதை ஒப்புக்கொண்டால் முடிந்தது. ஆனால் ஒப்புக்கொண்டால் ரூடியும் தப்பு செய்யவில்லை என்றாகிவிடும், அவரையும் திரும்பச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அறையில் எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். லோயிஸ் அன்றைக்குச் சுட்ட ‘பை’யை வெட்டவே ஆரம்பித்துவிட்டார். ரூடி எழுந்தார்.

"யோவ் வெர்லின், எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். பூஜ்யம்னு சொன்னது தப்புன்னு ஒரே ஒரு தடவ சொல்லிடு. ரெண்டு பேரும் அடுத்த சனிக்கிழம இங்கயே சுடலாம்."

வெர்லின் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். உதடு அந்தச் சொல்லுக்கான வடிவத்துக்குக்கூட வந்தது. பிறகு கோப்பைத் திறந்தார்.

"நான் தப்பு செஞ்சேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். நான் தப்பா சொன்னேன்னு சொல்லாதீங்க. பூஜ்யம் பதினாறைவிடக் குறைவுதான். போன தடவ ரூடிக்குக் குறைஞ்சது, இந்தத் தடவ எனக்குக் கூடிடாது."

லோயிஸ் கத்தியைக் கீழே வைத்தார். "வெர்லின், தயவுசெஞ்சு உக்காரு. ஓட்டுப் போட்டுடலாம்."

ஆறு பேர் ஓட்டுப் போட்டார்கள். வெர்லின் குற்றவாளி இல்லை என்று மூன்று பேர். குற்றவாளி என்று மூன்று பேர். அவர்களில் இருவருக்கு ரூடி திரும்பி வருவதில் விருப்பமில்லை, ஒருவருக்குக் கேள்வியே புரியவில்லை. சரிசமமானால் செயலாளர் ஓட்டுப் போட்டு முடிவுசெய்யவேண்டும் என்று விதி இருக்கிறது. யார் எழுதிய விதி என்று சொல்லவேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே போடவேண்டியதில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று லோயிஸ் கெஞ்சிப் பார்த்தார். அப்படி விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை என்று வெர்லின் பக்கத்தைக் காட்டினார். கை தூக்கினார். குற்றவாளி.

பதிவேட்டில் தானே எழுதினார்: தீர்மானம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நிறைவேறியது. கையெழுத்துப் போட்டு, பெயருக்குக் கீழே செயலாளர் என்று எழுதி, அந்தச் சொல்லின்மேல் ஒரு கோடு கிழித்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். நீக்கப்பட்டவர் பதினைந்து நிமிடத்துக்குள் நிலத்தைவிட்டுப் போகவேண்டும். நான்கு நிமிடத்தில் போய்விட்டார்.

ரூடி பின்னாலேயே ஓடினார். வாசலில் அவர் கத்தியது உள்ளே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அட முட்டாப் பய மவனே, என்னை உள்ள விடக்கூடாதுன்னு உன்னையே வெளிய தள்ளிக்கிட்டியே. இப்படி ஒரு வஞ்சம் நான் பாத்ததே இல்ல."

வெர்லின் பதில் சொன்னது காதில் விழவில்லை. ரூடி பிறகு சொன்னார், வஞ்சம் இல்லை, சொல் மாறாமை என்றாராம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கமிட்டி அந்த விதியை நீக்கியது. இந்தத் தடவையும் யாரும் கவனித்துக் கேட்கவில்லை, நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நீக்கப்பட்டவர்கள் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேரலாம் என்றார்கள். ரூடி அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தார், மூன்று எழுத்துப் பிழையோடு. செயலாளர் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் அதுவும் அவருக்கே வந்தது.

வெர்லினும் படிவம் அனுப்பினார். கூடவே பதினோரு பக்கம் இணைப்பு. ஏற்கெனவே முடிந்துபோன குற்றத்துக்கு இப்போது விதியை நீக்கியது செல்லாது, ஆகவே இந்த விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்று அதில் நிரூபித்திருந்தார். லோயிஸ் இணைப்பைப் பிரிக்காமலே, சேர்த்துக்கொண்டோம், சனிக்கிழமை வாருங்கள் என்று பதில் போட்டார். ஏற்றுக்கொண்டதை ஏற்க இயலாது என்று பதிவுத் தபாலில் மறுபதில் வந்தது.

லோயிஸ் அதை என்னிடம் தந்து கோப்பில் வைக்கச் சொன்னார். எந்தக் கோப்பில் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான்.

இப்போது சனிக்கிழமைகளில் வெர்லின் சாலைக்கு அந்தப்பக்கம், பெட்ரோல் பங்க் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கிளப் நிலம் வேலியோடு முடிகிறது, அவர் அளந்து பார்த்துத்தான் உட்கார்ந்தார். துப்பாக்கி மாற்றப் போகிறவர்களில் சிலர் முதலில் அங்கே நிறுத்திக் கேட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள். அவரும் சொல்கிறார், கழற்றும்போது முதலில் கட்டை, பிறகு குழல். எதிர்ப்பக்கம் ரூடி ஒலிபெருக்கியில் அதையே புதியவர்களுக்குச் சொல்லும்போது பாதிநாள் மாற்றிச் சொல்லிவிடுகிறார். அந்த நேரத்தில் சாலையைப் பார்த்தால் வெர்லின் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்பது தெரியும். ஒரு கை உயர்ந்திருக்கும், வகுப்பில் பதில் தெரிந்த பையனைப் போல. லாரிகள் போய்க்கொண்டிருக்கும். யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்காருவார்.