அத்தை மகள் ஒட்டிய சுவர்

விளாத்திகுளம் ரோட்டில் இருக்கிற என் மிளகாய் வத்தல் மண்டிக்கு எதிர்த்தாப்பிலேயே இன்னொருத்தர் மண்டி போட்டார். திறப்புக்கு முதல் ஆளாகப் போய் மாலை போட்டுவிட்டு வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவனைத் தேடி இன்றைக்கு பேங்க் மேனேஜர் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவன் அடுத்தவரைப் பார்த்து வயிறு எரிய வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? ஆயுசுக்கும் எரிய வேண்டியதெல்லாம் நாலாம் வகுப்பிலேயே எரிந்து தீர்ந்துவிட்டது. எரிய வைத்தவள் என் அத்தை மகள்.

எங்கள் ஊர் பள்ளிக்கூடம் ஒரே கூடம். குறுக்குச் சுவர் கிடையாது. ஒரு வகுப்பு கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் இன்னொரு வகுப்பு மேற்கே பார்த்து உட்காரும். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் பாட்டு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், சட்டமெல்லாம் இற்றுப்போன கரும்பலகை, சாக்பீஸ் துண்டுகள் ஒரு மூலையில், உடைந்த சிலேட்டுகள் இன்னொரு மூலையில். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்ததும் எங்கள் சார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சந்தையில் நோஞ்சான் மாட்டை விற்கப்போகிறவன் மாட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

பிறகு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பணம் கிடையாது, வீட்டில் வேண்டாம் என்று தூக்கிப்போடுகிற சாமானைக் கொண்டுவாருங்கள், அதை வைத்தே ஜோடிப்போம் என்றார். யார் செய்தது நன்றாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று, இது இன்னது, அது இன்னது என்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

அது நான்தான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறவன் யாரும் இல்லை. அப்பாவின் பழைய அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது வரைக்கும் மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். வீட்டிலும் அத்தையும் மகளும் பெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். அத்தை அம்மாவிடம் மெள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொம்பளப் பிள்ளைய இந்தப் பொங்கலோட நிப்பாட்டி ஆபீஸுக்கு அனுப்பணும்ங்காக அவுக, மதினி. இன்ஸ்பெக்டர் முன்னால நல்ல பேர் எடுத்துட்டாள்னா ஒருவேளை மனசு மாறுவாக."

எனக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது. நல்ல பேர். அப்படியானால் எனக்குப் போட்டி இவள்தான்.

மறுநாள் அவள் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினாள் பாருங்கள், கூடமே அவள் பக்கம் திரும்பிவிட்டது. அத்தனையும் தீப்பெட்டி லேபிள். புலி, மயில், ரோஜாப்பூ, குத்துவிளக்கு, கப்பல். அச்சில் சாயம் விலகிக் கழித்துப்போட்டவை. புலியின் கண் புலிக்கு வெளியே இருந்தது, மயிலின் பச்சை வானத்தில் இருந்தது. இருந்தாலும் சிவப்பும் மஞ்சளுமாக, எங்கள் கண்ணுக்குத் தேர் வந்து நின்ற மாதிரி இருந்தது. நாங்கள் கலரைப் பார்க்கிறது கோயில் கொடைக்குத்தானே.

அவள் அதைச் சும்மா ஒட்டவில்லை. புலிக்குக் கீழே 'பு', மயிலுக்குக் கீழே 'ம' என்று கரிக்கட்டியால் எழுதி, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வரிசையாக ஒட்டினாள். எலி கடிக்காமல் இருக்க வீட்டுப் பசையிலேயே மயில்துத்தம் கலந்து எடுத்து வந்திருந்தாள். குச்சி வைக்கிற அடிப்பெட்டிகள் நெளிந்துபோனதை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தேன்கூடு மாதிரி ஒரு அலமாரி செய்தாள். ஒரு குழியில் பருத்தி விதை, ஒன்றில் கம்பு, ஒன்றில் உளுந்து, ஒன்றில் மல்லி, எல்லாம் எண்ணிப் படிக்க. மருந்து முக்காத குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டிக் கூட்டல் கணக்குக்கு வைத்தாள். சாக்பீஸ் துண்டுகளுக்குக்கூட ஒரு குழி. சார் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "ஏலே, கொஞ்சம் தள்ளு" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பேச்சு.

வீட்டுக்கு வந்து கம்பங்கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் வீட்டில் தூக்கிப்போடுகிற சாமான் என்று ஒன்றும் கிடையாது. சாக்குக் கிழிந்தால் தைப்போம், அதுவும் கிழிந்தால் மாட்டுக்குப் போர்த்துவோம். இருந்தது நிலம் ஒன்றுதான். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கரும்பலகை இற்றுப்போய்க் கிடக்கிறது. எங்கள் கரிசல் மண்ணைவிடக் கருப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? சுவரிலேயே பெரிய பலகையாகப் பூசிவிட்டால்?

கூடை கூடையாக மண் சுமந்தேன். கல் பொறுக்கி, குழைத்து, சாயங்காலம் எல்லோரும் போனபிறகு சாரிடம் கேட்டுக்கொண்டு ஒரு முழுச் சுவருக்குப் பூசினேன். ஈரக் கையால் தடவத் தடவ எருமை முதுகு மாதிரி மின்னியது. சாரே அசந்து போய், "பரவாயில்லையே" என்றார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். அவள் எனக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். கோடையில் எங்கள் நிலம் எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது சுவர். கை நுழைகிற வெடிப்பு. பாதி மண் பாளம் பாளமாக உதிர்ந்து கீழே கிடந்தது. அந்த மண்ணிலேயே பிறந்து, வெடிப்பில் கால் சிக்கி விழுந்து வளர்ந்தவனுக்கு அது காய்ந்தால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நாள் மட்டும் மறந்துபோனது.

சாரும் பிள்ளைகளும் வந்து சேர்கிற வரைக்கும் அவள் தலையைச் சாய்த்து நிதானமாகப் பார்த்தாள். "ஏலே, கண்மாய் நல்லா வரைஞ்சிருக்கே. தண்ணி எங்கன?"

கூடம் முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எங்களை எல்லாம் ஊமத்தை இலை பறித்து வரச் சொல்லி, கரியோடு அரைத்துப் பழைய பலகையிலேயே தேய்க்கச் சொன்னார். என் கையிலும் ஒரு பிடி இலையைக் கொடுத்தார். கொடுக்கும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். காய்ந்த பருத்திச் செடியிலிருந்து ஒடித்த பருத்திமார்க் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். புலியைத் தொட்டுச் சொன்னாள், கப்பலைத் தொட்டுச் சொன்னாள், உளுந்தை எண்ணிக் கூட்டிக் காட்டினாள். வாய் குழறும், மறந்துபோகும் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் குனிந்து, புலிக்கு ஏன் கண் தள்ளி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா அச்சானதெல்லாம் கடைக்குப் போயிரும் சார். எங்களுக்கு இதான்" என்றாள்.

அவர் அவள் தலையில் கையை வைத்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான கணக்கு ஒன்றைக் கேட்டார். அதற்கும் சொல்லிவிட்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் சாரும் இன்ஸ்பெக்டருமாகத் தெருவில் இறங்கி அத்தை வீட்டுக்கு நடந்தார்கள். நான் பின்னாலேயே போய்த் தெரு முனையில் நின்றேன். மாமா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர்கள் பேசப் பேச, தரையைப் பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். அத்தை நிலைப்படிக்கு உள்ளே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சரிதான், பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறார்கள், இவர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன பரிசாக இருக்கும் என்ற யோசனையிலேயே பல நாள் போனது.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. சார் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தேன்கூட்டு அலமாரியை இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. யார் வந்தாலும் பருத்திமார்க் குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். இது புலி, இது மயில். எல்லாம் நானே செய்த மாதிரித்தான் சொன்னேன்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நான் எருமையை ஓட்டிக்கொண்டு போகிற வண்டிப்பாதையில்தான் அவளும் பெரிய பொம்பளைகளோடு ஆபீஸுக்கு நடப்பாள். கையில் தூக்குச்சட்டி. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. என்னைவிட ஒரு மாதம் இளையவள், அதற்குள் சோறு கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறாள். நான் இன்னும் எருமை வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஓடையில் பாதை பிரிகிற வரைக்கும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

முதல் நாளே கேட்டாள். "இப்ப என்ன பாடம்லே நடத்துதாரு?"

கேட்டாளா, அகப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வயிறும் கொஞ்சம் எரியட்டும் என்று, முந்தின நாள் சார் நடத்தியதை ஒன்று விடாமல் சொன்னேன். பாட்டென்றால் பாட்டு, கணக்கென்றால் கணக்கு. இதற்காகவே வகுப்பில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். சில நேரம் நடுவில் நிறுத்தி, "நீ சொல்லுதது தப்பு. மறுபடி வகுத்துப் பாரு" என்பாள். அந்த ஆங்காரத்தில் மறுநாள் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவேன். இன்றைக்கு மண்டியில் கணக்குப்பிள்ளை கூட்டி முடிப்பதற்குள் மனக்கணக்காகத் தொகையைச் சொல்லிவிடுகிறேன் என்று எல்லோரும் அதிசயப்படுகிறார்களே, அந்தக் கணக்கெல்லாம் இந்த வண்டிப்பாதையில் வந்ததுதான்.

எவ்வளவு சொல்லியும் அவள் முகம் வாடவில்லை. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறினதும் திரும்பிப் பார்த்து, "மிச்சத்த நாளைக்குச் சொல்லுலே" என்பாள். இவளுக்கு மட்டும் எப்படி வயிறு எரியாமல் இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும். நாளைக்கு இன்னும் பெரிய பாடமாகக் கொண்டுவந்து எரிய வைக்கிறேன் பார் என்று எருமையை ஒரு அடி போட்டுத் திருப்புவேன்.