வானதி இருக்கும் படம்

கூத்தாநல்லூர்ப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் மட்டும் கூடுகிற மாடிக்குப் படமெடுக்க ஆள் வேண்டுமென்றால் மன்னார்குடி வானதியைத்தான் கூப்பிடுவார்கள். ஆண் போட்டோகிராபர் கீழே மாப்பிள்ளையோடு நின்றுவிடுவார். மேலே வானதி மட்டும். வேலை முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும், ஒரு படத்தைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பேச்சு. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் அவளைத் தேடி வந்தார்கள். அதனாலேயே, தான் எடுத்த நல்ல படங்களில் ஒன்றைக்கூட அவளால் யாருக்கும் காட்ட முடியவில்லை.

காட்டுவதற்கும் ஆளில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் சதீஷ் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருந்தான். நிலம் குத்தகையில் இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் ஊர் ஊராகச் சுற்றும் வேலையை விடச் சொன்னார்கள். அவள் விடவில்லை. பிறகு யாரும் வரவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் டிவியைப் போட்டுக்கொள்வாள்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் ரிஸ்வானா என்ற பெண்ணின் கல்யாணம் வந்தது. மாடிக்குப் போனதும் வானதி அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டாள். கூரை முழுக்கப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். வழக்கமாக ஃப்ளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடிப்பாள். வெள்ளைக் கூரையில் பட்டு வெளிச்சம் மெத்தென்று முகத்தில் இறங்கும். இங்கே அப்படி அடித்தால் மணப்பெண் முகத்தில் பச்சை ஏறிவிடும். நேராக அடித்தாலோ வியர்வையும் ஜிகினாவும் மின்னி முகம் திட்டுத் திட்டாகிவிடும். ரிஸ்வானாவின் அம்மாவிடம் ஒரு வெள்ளைப் போர்வை கேட்டு வாங்கி, பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டி, ஃப்ளாஷை அதன் மேல் அடித்தாள். கேமராத் திரையில் தன் முகத்தைப் பார்த்த ரிஸ்வானா இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.

கீழே நிக்காஹ் தொடங்கியதும் எல்லாப் பெண்களும் எட்டிப் பார்க்க வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். அறையில் இவர்கள் இருவரும்தான். மாப்பிள்ளைக்கு மலேசியாவில் வேலை, அடுத்த மாதமே தானும் போக வேண்டும், அங்கே ஒருத்தரையும் தெரியாது என்று ரிஸ்வானா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். வானதி தனியாகத்தான் இருக்கிறாள் என்று அவளுடைய அம்மா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“தனியா இருக்கிறது பழகிடுமாக்கா?”

கல்யாண நாளில் ஒரு பெண்ணிடம் என்ன சொல்வது? வானதிக்குப் பொய் வரவில்லை.

“வேலை இருக்கிறப்ப தெரியாதும்மா. சாப்பிட உக்காரும்போதுதான் தெரியும்.”

ரிஸ்வானா அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வானதியை உட்காரச் சொன்னாள். வேண்டாம் என்றாலும் விடாமல் கேமராவை வாங்கி, எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். ஃப்ளாஷ் மின்னியது. முதல் படத்தில் வானதி கண்ணை மூடிவிட்டாள். இத்தனை வருஷமாக ஊரார் கண்ணில் அடித்த வெளிச்சம் அவள் கண்ணில் பட்டதேயில்லை. இரண்டாவது படம் நன்றாக விழுந்தது. காதோரம் நரை, களைப்பான கண்கள், சிரிக்கலாமா என்று யோசிக்கிற வாய். அம்மாவின் சாயல் தனக்கு இவ்வளவு இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கார்டைக் கழற்றும்போது அந்தப் படம் நினைவுக்கு வந்தது. தன் படம்தானே, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். “அதுல ஒரு படம்…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, ரிஸ்வானாவின் அம்மா கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மறுநாள் திருவையாற்றில் ஒரு காதுகுத்து. வேலை இழுத்துக்கொண்டது.

அடுத்த தை மாதம் அதே குடும்பத்தில் இன்னொரு கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ரிஸ்வானாவின் அம்மா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மகள் நன்றாக இருப்பதாகவும், ஆல்பத்தை மலேசியாவிலேயே போட்டுக்கொண்டதாகவும் சொன்னார்.

“ஒம் படத்தையும் அதுல வச்சிருக்காம்மா. யாருன்னு கேக்குறவங்ககிட்ட எங்க அக்கான்னு சொல்றாளாம்.”

வானதிக்கும் அந்தப் படத்தில் ஒன்று அனுப்பச் சொல்லட்டுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

“அது அங்கேயே இருக்கட்டும்மா,” என்றாள் வானதி. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.