உள்ளே போட்ட தாழ்ப்பாள்

என் மகளுக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. எட்டு வயதாகியும் கழிவறைக்குத் தானாகப் போகத் தெரியாது. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த என் கணவர் குவைத்துக்குப் போன பிறகு, வீட்டில் அவளும் நானும்தான்.

நாத்தனார் மகள் நிக்காஹ்வில், மண்டபத்து நாற்காலியிலேயே அவளுக்குச் சிறுநீர் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அதன்பின் எந்த விசேஷம் என்றாலும், “புள்ளைய வச்சுக்கிட்டு நீ ஏம்மா செரமப்படுற, வூட்லயே இருந்துக்க” என்றார்கள். இருந்துகொண்டேன்.

உட்காருவது, கழுவுவது, சோப்புப் போடுவது என்று படம் வரைந்து கழிவறைக் கதவில் ஒட்டினேன். அவளோ நான் பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறி ஓடுவாள். ஒருநாள் கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. முன்பே பிடித்து வைத்திருந்த தண்ணீர்தான் இருந்தது. அன்று அலறாமல் வந்து உட்கார்ந்தாள். காலி பக்கெட்டில் தண்ணீர் விழும் இரைச்சல்தான் அவளை விரட்டியிருக்கிறது.

அதிலிருந்து அவள் எழுவதற்கு முன்பே பக்கெட்டை நிரப்பிவிடுவேன். முதலில் எல்லாம் நானே செய்து, ஜட்டியை மேலே இழுப்பதை மட்டும் அவளிடம் விட்டேன். பிறகு சோப்பு. அப்புறம் அவள் கையைப் பிடித்துக் கழுவப் பழக்கினேன். மாதங்கள் ஓடின. “தண்ணி ஊத்து, கைய தேய்” என்பதைத் தவிர வேறு பேச்சே என் வாயில் வராத நாட்கள் உண்டு.

போன வாரம் ஒரு மத்தியானம் அவளாகவே எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். என்னை வெளியே தள்ளிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திறக்கத் தெரியுமா என்று பதறிப்போனேன்.

“கண்ணு, தொறம்மா!” என்று தட்டினேன்.

உள்ளே மக்கு தண்ணீரில் முங்கும் சத்தம். ஊற்றும் சத்தம். மறுபடியும் முங்கியது. தட்டுவதை நிறுத்தினேன். சற்றுப் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது. ஈரக் கையை உதறிக்கொண்டு, சோப்பு வாசத்தோடு, என்னைப் பார்க்காமலே கடந்து போனாள்.

கணவருக்கு போன் போட்டேன். “பாப்பா தானா போயி, தானா கழுவிட்டு வந்துச்சுங்க.”

“டூட்டில இருக்கேன்...” என்றவர் போனை வைக்கவில்லை. “கதவ யாரு சாத்துனா?”

“அவளேதாங்க.”

அங்கே யாரோ கூப்பிட்டார்கள். “அப்புறம் பேசறேன்” என்றார்.

வேறு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். யாரையும் கூப்பிடவில்லை.