பாவுக்கு அடியில் நடந்த புட்டா

போன வருஷம் வைகாசி மாதம். கருட சேவைக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு பழையபடி தறிச் சத்தத்துக்குத் திரும்பியிருந்த வாரம். ஒரு காலையில் எங்கள் புட்டாவுக்குப் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன.

புட்டா எங்கள் நாய். சேலையில் சின்னச் சின்னதாக நெய்கிற பூவுக்குப் பெயர் புட்டா. அவனும் அந்த அளவுதான் என்பதால் அந்தப் பெயர். குட்டைக் காலும் ரயில் மாதிரி நீண்ட முதுகுமாக இருக்கிற டாஷ்ஹண்ட் ஜாதி. சென்னையில் ஃப்ளாட்டுக்குக் குடிபோன உறவுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பின்னாலேயே சுற்றுவான்.

அன்று அவன் முன்னங்காலால் தவழ்ந்து வந்தான். பின்பாதி ஈரத்துணி மாதிரி தரையில் இழுபட்டது. எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "வாயில்லாத ஜீவன்மா. இழுத்துக்கினு கெடக்கறதுக்கு, டாக்டர்கிட்ட சொல்லித் தூங்க வெச்சிடுங்க" என்றாள். கெட்ட மனசில் சொல்லவில்லை. ஆனாலும் என் வீட்டுக்காரர் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? செல்போனில் ஒரு வீடியோ தேடிப் பிடித்தார். வெளிநாட்டில் யாரோ ஒரு டாக்டர் நாயின் முதுகெலும்பைப் பிடித்து 'டக்' என்று சொடக்குகிறார். நாய் எழுந்து வாலாட்டுகிறது. அதைப் பார்த்ததும் இவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுக்கிறவரை எண்ணெய்க் கிண்ணத்தோடு கூட்டி வந்துவிட்டார்.

அந்த மனிதர் வீடியோவை ஒருமுறை பார்த்தார், புட்டாவை ஒருமுறை பார்த்தார். "மாட்டுக்கு எடுத்திருக்கேன், மனுசனுக்கு எடுத்திருக்கேன். இவன் முதுகு கூட்ஸ் வண்டியாட்டம் இருக்குதுபா. எந்தப் பெட்டில கோளாறுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சொன்ன அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

அவனைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஒரு பிராணிகள் மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. கொங்கு நாட்டுப் பேச்சு. புட்டாவின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். அவன் திரும்பி 'உர்' என்றான். அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா உறுமட்டுங்க. வலி தெரியுதுன்னா வழி இருக்குதுங்க."

அந்த ஒரு உறுமலுக்காக நான் அவன் தலையில் முத்தம் கொடுத்தேன்.

எக்ஸ்ரே எடுத்த பிறகு கேள்வி கேட்டார். "வீட்டுல சோபா, கட்டில்னு எங்கயாச்சும் ஏறிக் குதிக்கறானுங்களா?"

"சோபாவே இல்லம்மா எங்க வீட்ல" என்றேன்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "குழில குதிப்பான் மேடம்."

"என்ன குழிங்க?"

தறிக்குழி. நெய்கிறவர் மேலே உட்கார்ந்து காலைக் கீழே தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம். இவர் மிதிக்கிற கால் பக்கத்தில் படுத்துத் தூங்கத்தான் புட்டா அதில் குதிப்பான். குறுக்கிழையைக் கொண்டுபோகிற நாடா நின்றால் எம்பி ஏறுவான், ஓடினால் மறுபடி குதிப்பான். சேலை வாங்க வருகிறவர்கள்கூட அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களுக்கும் ஒரே பெருமை. டாக்டரம்மாவிடம் அந்தப் போட்டோவைத்தான் காட்டினோம். பார்த்துவிட்டு எக்ஸ்ரேயை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இந்த ஜாதிக்கு முதுகுதானுங்க பலவீனம். எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துற மாதிரி தெரியுது. பள்ளத்துல குதிச்சுக் குதிச்சு அடி வாங்கியிருக்குதுங்க."

வீடியோ விஷயத்தையும் இவர் கேட்டுவிட்டார். அதற்கென்று முறையாகப் படித்தவர்கள், எந்த நாய்க்குச் செய்யலாம் என்று பார்த்துச் செய்கிற வேலையாம் அது. இவன் இருக்கிற நிலையில் முதுகைச் சொடக்கியிருந்தால் மிச்சம் இருந்த உணர்வும் போயிருக்கலாம் என்றார். சுளுக்கு எடுக்கிறவர் இருக்கிற திசைக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டேன்.

மருந்து, அசையாத ஓய்வு, அதோடு வாரா வாரம் அக்குபஞ்சர். நாய்க்கு அக்குபஞ்சரா என்று நான் வாயைப் பிளந்தேன். முடி மாதிரி மெல்லிய ஊசிகளை அவன் முதுகு நெடுக ஒவ்வொன்றாக நிறுத்தினார். புட்டா கத்துவான் என்று நான் காதைப் பொத்தினேன். அவன் கொட்டாவி விட்டான். அப்புறம் குறட்டையே விட்டான். என் வீட்டுக்காரர்தான் முகம் வெளுத்து வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஊசி மந்திரமில்லைங்க. குதிக்காம வெச்சுக்கறதுதான் பாதி வைத்தியம்" என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடைதான் அரண்மனை. தறிக்குழியைச் சுற்றிப் பலகை அடித்தாயிற்று. வாசல்படிக்குச் சாய்வாக இன்னொரு பலகை. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்துத்தான் வெளிக்குக் கூட்டிப்போவோம். வாரங்கள் போயின. வால் நுனி அசைந்தது. ஒரு நாள் நின்றான், உடனே சாய்ந்தான். நடக்க மட்டும் இல்லை.

அப்புறம் அந்தக் காலை. சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. எங்கள் புதுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். இழைகள் முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்வதற்காக, பாவைத் தாங்குகிற கொம்புகளை எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் எல்லோரும் வரிசையாக நின்று கையில் தாங்கியிருந்தோம். ஈரப் பட்டு, ஒருவர் கையை விட்டாலும் இழைகள் சிக்கிக்கொள்ளும். கோடியில் என் வீட்டுக்காரர்.

வாசலில் பாயில் விட்டிருந்த புட்டா எழுந்தான். சாய்வுப் பலகையில் மெல்ல இறங்கினான். பாவுக்கு அடியில் நுழைந்தான்.

"யாரும் கூப்பிடாதீங்கபா" என்றாள் எதிர் வீட்டு அக்கா, அடிக்குரலில். "கூப்பிட்டா ஓடுவான். அவனும் போயிடுவான், பாவும் போயிடும்."

தெருவே மூச்சை அடக்கியது. அவன் பின்பக்கம் அப்படியும் இப்படியும் ஆட, ஒவ்வொருவர் காலையும் கடந்து போனான். என் முன்னால் வந்தபோது பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்த்தான். தூக்கச் சொல்கிற பார்வை. எனக்கு இரண்டு கையிலும் பட்டு. கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, குனிய முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் இடுப்பை ஒரு தள்ளு தள்ளி, தானே எழுந்தான். அந்த நொடியில் எனக்குள் ஓடிய சந்தோஷத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கோடி வரைக்கும் போய்விட்டான். என் வீட்டுக்காரர் விம்மிக்கொண்டு நிற்கிறார். புட்டா அவரைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த கஞ்சிச் சட்டியில் தலையை விட்டான்.

"எஜமானைத் தேடிப் போறான்னு நான் அழுதுக்கினு இருக்கேன். அவன் கஞ்சியப் பாத்துப் போயிருக்கான்பா" என்றாள் அக்கா. தெரு முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஒரு கைகூடப் பாவை விடவில்லை.

இப்போது நன்றாகவே நடக்கிறான். லேசான ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அன்றைக்கு என் கை காலியாக இருந்திருந்தால் நிச்சயம் அவனைத் தூக்கியிருப்பேன், அவனால் எழ முடியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது; அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது தடுமாறி விழுந்தால் பக்கத்தில் ஓடிப்போய் நிற்கிறேன், ஆனால் கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்கிறேன்.