துடைத்தவள்

என் நாத்தனாருக்கு நாங்கள் வைத்த பெயர் பளபளா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகாவது சும்மா இருப்பாளா? நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பைத் துடைப்பாள். விருந்தாளி கடைசி வாய் டீயை விழுங்குவதற்குள் டம்ளரைப் பிடுங்கிக் கழுவிவிடுவாள். "கொஞ்சம் மூச்சு விட விடுடி" என்று கத்தினால், "நீங்க விடுங்க அண்ணி, இத நான் பாத்துக்கறேன்" என்று சிரிப்பாள்.

இப்போது அவளுக்கு இருப்பதெல்லாம் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான். வீடு மூன்றாம் மாடியில்; லிஃப்ட் கிடையாது. இடுப்பு முறிந்து வைத்த தகடு சரியாகச் சேரவில்லை. இடுப்பு மூட்டையே மாற்றினால்தான் நடப்பாள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் சேமித்ததும் நாங்கள் சேமித்ததும் முதல் ஆபரேஷனோடு சரி. அவள் வழுக்கி விழுந்த கடை நஷ்டஈடு கொடுத்தால்தான் அடுத்தது. இல்லையென்றால் ஆயுசுக்கும் இந்தக் கட்டில்தான்.

விழுந்த கதையைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. வேலை முடிந்து வரும்போது சோப்பு வாங்க அந்தப் பெரிய கடைக்குள் போயிருக்கிறாள். எண்ணெய் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பாக்கெட் கிழிந்து தரையெல்லாம் ஒழுகிக் கிடந்தது. கால் வழுக்கிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் ஐயோ அம்மா என்று அலறி ஊரைக் கூட்டியிருப்பாள். இந்த மகராசி என்ன செய்தாள் தெரியுமா? எழ முடியவில்லை என்றதும், ஒருக்களித்துக் கிடந்தபடியே பையைத் திறந்து, எப்போதும் கூடவே வைத்திருக்கும் பழைய துணியை எடுத்து, எட்டுகிற வரைக்கும் எண்ணெயைத் துடைத்திருக்கிறாள். துணியை மடித்து மடித்து, ஓரத்திலிருந்து உள்பக்கமாக. அதற்கப்புறம்தான் மயக்கம் போட்டாளாம்.

வழக்குப் போட்டோம். கடையின் கேமராவில் பதிவானதை வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து போனில் காட்டினார். அதில் அவள் விழுவது இல்லை. தரையில் கிடந்து துடைப்பது மட்டும்தான் இருந்தது.

"மீதியெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க" என்றார் வக்கீல். "இத மட்டும் பாத்தா என்ன தோணும்? இந்தம்மாவே பாக்கெட்டக் கீழ போட்டுட்டு, பயத்துல துடைக்கறாங்கன்னுதான் தோணும். கடைக்குத் துடைக்கற துணியோட யாரும்மா வருவாங்க?"

"நான் வருவேன் சார்" என்றாள் பளபளா.

"துடைக்கலன்னு சொல்லிடுங்க. எழுந்திரிக்கறதுக்காகத் தரையத் தடவினேன்னு சொல்லுங்க."

"அதான் மடிச்சு மடிச்சுத் துடைக்கறது நல்லாத் தெரியுதே சார்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப எதுக்குத்தாம்மா துடைச்சீங்க?"

"பின்னாடி ஒரு பொண்ணு வந்துட்டிருந்துச்சு. மாசமா இருந்துச்சு சார், நெறமாசம்."

அந்தப் பெண் சாட்சி சொன்னால் போதும் என்றார். எங்கே போய்த் தேட? இவள் பார்த்தது வயிற்றையும் செருப்பையும்தான், முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும் வெட்கத்தை விட்டுக் கடை வாசலில் நின்று, கைக்குழந்தையோடு வந்தவளையெல்லாம் மடக்கி, "நீ வயித்துப்புள்ளையோட இங்க வந்தியாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி என்னைப் பிள்ளை பிடிப்பவள் என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டாள். அதோடு அந்தத் தேடலும் முடிந்தது.

வாய்தா மேல் வாய்தா. இவள் முதுகில் புண் வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு என்று தினமும் முனகுவாள். நான் துடைத்தாலும் திருப்தி கிடையாது.

ஒருநாள் கடை மேனேஜரே படியேறி வந்தார். ஆபரேஷன் செலவு மொத்தத்தையும் கடை ஏற்றுக்கொள்ளுமாம். ஆனால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாக்கெட்டைக் கீழே போட்டு எண்ணெயைச் சிந்தியது இவள்தான், கடைமேல் எந்தத் தப்பும் இல்லை, இரக்கப்பட்டு உதவுகிறார்கள், வழக்கும் வாபஸ் என்று அதில் இருந்தது.

"இது என்ன அநியாயம்! விழுந்தவமேலயே பழியா?" என்று குதித்தேன். வக்கீலுக்குப் போன் போட்டால், "கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும், ஜெயிக்கறதும் சந்தேகம், உங்க இஷ்டம்" என்று நழுவிவிட்டார்.

பளபளா அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷத்துல என் கையால ஒரு சொட்டு சிந்தினதில்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பேனா குடுங்க அண்ணி" என்றாள்.

"வேணாண்டி."

"கக்கூஸ் போறதுக்கு எங்கண்ணன் தூக்க வேண்டியிருக்கு. அதவிடவா இது அசிங்கம்?"

பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் எழுந்தபோது இவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் விழலையே?"

"சேச்சே, விழலம்மா. நீங்க துடைச்சுவிட்ட பக்கமாத்தான் நடந்து போச்சு. நாங்கதான் பாத்தோமே" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"எதுல பாத்தீங்க?" என்றேன்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினார். அந்தப் பெண் நடந்து போனது படத்தில் இருக்கிறதென்றால், இவள் விழுந்தது மட்டும் எங்கே போயிருக்கும்? தெருவரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினேன். வண்டி கிளம்பிவிட்டது.

மூச்சிரைக்க மேலே வந்தேன். "படம் இருக்குடி! எல்லாமே இருக்கு! பாவி, நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போய்ட்டான்டி!" என்று கத்தினேன்.

அவள் கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுவரை போயிருந்தது. உதடு மட்டும் சிரித்தது.

"கேட்டீங்களா அண்ணி, விழலையாம்" என்றாள்.

அவளை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.